ஆசனவாய்ப் பிரச்சினைகள்: எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசனவாயில் வலி, ரத்தம், கட்டி, அரிப்பு என்று எது வந்தாலும் பெரும்பாலானோர் யாரிடமும் சொல்வதில்லை. மருந்துக் கடையில் ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொண்டு நாளைக் கடத்துவார்கள். பல சமயம் அதிலேயே சரியாகியும்விடும். சரியாகாதபோது என்ன செய்வது, எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு அன்றைக்கே ஓட வேண்டும் என்பவைதான் கீழே உள்ள கேள்விகள்.

மலம் கழிக்கும்போது ரத்தம் வந்தது. மூலமாகத்தான் இருக்குமா?

மூலம் அல்லது ஆசனவாய் வெடிப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல வேண்டியவர் நீங்களும் அல்ல, மருந்துக் கடைக்காரரும் அல்ல. உள்ளே சோதித்துப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ரத்தத்தின் நிறமும் அது வரும் விதமும் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். பளிச்சென்ற சிவப்பில், மலத்தோடு கலக்காமல், கடைசியில் சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ, கழுவும்போது மட்டும் தெரிந்தாலோ, ஆசனவாய்க்குப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கருஞ்சிவப்பாக, மலத்தோடு கலந்து, சளியும் சேர்ந்து வந்தால் பெருங்குடலில் இன்னும் மேலே ஏதோ இருக்கலாம். மலமே கருப்பாக, பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான கெட்ட நாற்றத்தோடு போனால் ரத்தக் கசிவு இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவோருக்கும் மலம் கருக்கும். ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது.

இந்தத் துப்பை மட்டும் நம்பி முடிவெடுத்துவிடாதீர்கள். மலக்குடலின் அடிப்பகுதியில் வரும் புற்றுநோயும் பளிச்சென்ற சிவப்பு ரத்தத்தைத்தான் காட்டும். மூலம் உள்ளவருக்கே அதுவும் சேர்ந்து வரலாம். மூலம் இருப்பது தெரிந்துவிட்டது என்பதால் வேறொன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

அப்படியானால் ஒரு சொட்டு ரத்தத்துக்கும் ஓட வேண்டுமா? எத்தனை நாள் பொறுக்கலாம்?

உங்களுக்கு 40 வயதுக்குள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று நாள் மலச்சிக்கலுக்குப் பிறகு இறுகிய மலம் போனது, அப்போது கொஞ்சம் ரத்தம் பட்டது, வேறு தொந்தரவு எதுவும் இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். அந்த வாரத்தில் தண்ணீரையும் நார்ச்சத்தையும் கூட்டி, முக்காமல் போகப் பழகினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரு வாரம் தாண்டியும் வந்தால், நின்று நின்று திரும்ப வந்தால், 40 வயதைத் தாண்டிய பின் முதல்முறையாக வந்தால், காத்திருக்க வேண்டாம். கூடவே மலம் போகும் பழக்கம் மாறியிருந்தாலும் (திடீரென்று அடிக்கடி போவது, மலம் மெலிந்து வருவது, போய்வந்த பின்னும் முழுசாகப் போகாத உணர்வு), உடம்பு இளைத்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தாலும், அந்த ஒரு வாரக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இளம் வயது என்பதை ஒரு பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 50 வயதுக்குட்பட்டவர்களிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் கூடி வருவதைப் பல நாடுகளில் பார்க்கிறார்கள். இளையவர் என்பதாலேயே "மூலம்தான்" என்று அனுப்பிவிடப்பட்டு, நோய் முற்றிய பின் வருகிறவர்கள் உண்டு.

எதற்கெல்லாம் அன்றைக்கே, தேவைப்பட்டால் நள்ளிரவிலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்?

ரத்தம் நிற்காமல் கொட்டினால், கட்டி கட்டியாக வந்தால், எழுந்து நின்றால் தலைசுற்றினால், படபடப்பும் வியர்வையும் வந்தால், மயக்கம் போட்டால் உடனே போங்கள். கருப்பு மலம் போவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆசனவாயைச் சுற்றிக் கடும் வலி, அதோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் இருந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். சர்க்கரை நோயாளிகளும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும், கீமோதெரபியில் இருப்பவர்களும் இதில் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது. சிவப்பு விதைப்பை, பிறப்புறுப்பு, தொடை என்று கண் முன்னே பரவினாலோ, தோல் கருநீலமாக மாறினாலோ, தொட்டால் நறநறவென்று உணர்ந்தாலோ அது திசுக்களை அழுகச் செய்யும் தொற்று. உயிருக்கே ஆபத்து. அறுவை சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு.

வெளியே தள்ளிய மூலமோ குடலோ உள்ளே போகாமல் நின்று, வீங்கிக் கருத்து வலித்தாலும் அவசரம்தான். வலியோடு சிறுநீரும் கழிக்க முடியாமல் போனாலும் அப்படியே.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முதுகுவலியோடு ஆசனவாய், பிறப்புறுப்பு, உள்தொடை ஆகிய இடங்களில் மரத்துப்போய், சிறுநீரோ மலமோ தெரியாமல் போனால், கோளாறு ஆசனவாயில் இல்லை, முதுகுத் தண்டின் கீழ் நரம்புகள் நசுங்குகின்றன. சில மணி நேரத் தாமதமும் நிரந்தரப் பாதிப்பில் முடியலாம். உள்ளே ஏதேனும் பொருள் சிக்கிக்கொண்டால் வீட்டில் இழுத்து எடுக்க முயலாதீர்கள், கிழிந்தால் ஆபத்து. அவசரப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல, யாரும் விசாரணை நடத்த மாட்டார்கள்.

வலியே இல்லை, ரத்தம் மட்டும் சொட்டுகிறது. வலி இல்லாததால் பயமில்லைதானே?

இதுதான் மக்களை அதிகம் ஏமாற்றும் எண்ணம். ஆசனவாயின் விளிம்பிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் உள்ளே ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் தோலில் வலி உணரும் நரம்புகள் நிறைய. அதற்கு மேலே உள்ள சவ்வில் அப்படி வலி தெரியாது. உள்மூலம் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதால் வலிக்காமல் ரத்தம் கொட்டும். அதே காரணத்தால் மலக்குடலில் இருக்கும் பாலிப்பும் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதைக்கட்டி) புற்றுநோயும்கூட ஆரம்பத்தில் வலிக்காது. வலி இல்லாமை நோய் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, அது சாதுவானதா என்பதைச் சொல்லாது.

இன்னொரு ஆபத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் ரத்தம். மாதக்கணக்கில் இப்படிப் போனால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், முகம் வெளிறும், எப்போதும் அசதி. பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை வந்தால், கண்ணுக்கு ரத்தம் தெரியாவிட்டாலும், குடலைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். மாத்திரையால் ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டு அத்தோடு விட்டுவிடக் கூடாது.

மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டால் கீறுவது போல வலிக்கிறது. முடிந்த பின்னும் மணிக்கணக்கில் எரிகிறது. என்ன இது?

நீங்கள் சொல்லும் இந்த வலி ஆசனவாய் வெடிப்பின் அடையாளம். மருத்துவர்கள் ஃபிஷர் என்று சீட்டில் எழுதுவார்கள். இறுகிய மலம் போகும்போது உள்தோலில் நீளவாக்கில் ஒரு கிழிசல் விழுகிறது. கிழிசல் சின்னதுதான். ஆனால் வலியைக் கண்டு உள்தசை இறுகிவிடும். இறுகினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும். ரத்த ஓட்டம் குறைந்தால் புண் ஆறாது. அடுத்த முறை போகப் பயந்து அடக்கினால் மலம் இன்னும் இறுகி மீண்டும் கிழிக்கும். இந்தச் சுழலை உடைத்தால்தான் ஆறும்.

முதல் சில வாரங்களில் வீட்டு வைத்தியமே நிறைய வேலை செய்யும். மலத்தை இளக்க வேண்டும்: நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து, போதிய தண்ணீர், தேவைப்பட்டால் இசப்கோல். இசப்கோலைத் தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டு எடுத்தால் சிக்கல் கூடத்தான் செய்யும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவது. அகலமான தொட்டியில், இடுப்புக்குக் கீழே மூழ்கும் அளவு தண்ணீர், கை பொறுக்கும் சூடு, 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, முக்கியமாக மலம் போன உடனே. தண்ணீரில் உப்போ மருந்தோ கலக்க வேண்டிய அவசியமில்லை. இறுகிய தசையைத் தளர்த்துவது சூடுதான். முடிந்ததும் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள்.

ஒன்றிரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். தசையைத் தளர்த்தும் களிம்புகள் இருக்கின்றன: நைட்ரோகிளிசரின், 2 சதவீத டில்டியாசெம். இவை கடையில் கேட்டு வாங்கித் தடவும் சாதாரணக் களிம்புகள் அல்ல. நைட்ரோகிளிசரின் பலருக்குத் தலைவலியைக் கொடுக்கும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை எடுப்பவர் இதைத் தடவினால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். அந்த மாத்திரை எடுப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 6 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வெடிப்பு. அப்போது தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் (போடாக்ஸ்) ஊசியோ, தசையின் ஒரு சிறு பகுதியை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சையோ யோசிப்பார்கள்.

வெடிப்பு பெரும்பாலும் ஆசனவாயின் பின்பக்க நடுக்கோட்டில்தான் வரும். பக்கவாட்டில் இருந்தாலோ, பல வெடிப்புகள் இருந்தாலோ, வலியே இல்லாத புண்ணாக இருந்தாலோ, பின்னணியில் குரோன்ஸ் நோய் (குடலில் வரும் நாள்பட்ட அழற்சி), காசநோய், எச்ஐவி, சிபிலிஸ், அரிதாகப் புற்றுநோய் என்று தேட வேண்டிவரும். எங்கே இருக்கிறது என்பதை நீங்களாகப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆறாத வெடிப்பைக் காட்டியே ஆக வேண்டும் என்பது இதனால்தான்.

திடீரென்று ஓரத்தில் நீலமாக ஒரு கட்டி வந்து, உட்காரவே முடியவில்லை. ஆபத்தா?

முக்கிய பிறகோ, கனமான பொருளைத் தூக்கிய பிறகோ, சில சமயம் காரணமே இல்லாமலோ, வெளிமூலத்துக்குள் ரத்தம் உறைந்துபோவது உண்டு. வலி முதல் 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே தணியும். கட்டி சில வாரங்களில் சுருங்கிவிடும். உயிருக்கு ஆபத்து இல்லை, புற்றுநோயும் இல்லை.

ஆனாலும் நாள் கணக்கு முக்கியம். தொடங்கி 72 மணி நேரத்துக்குள் போனால், மரத்துப்போகும் ஊசி போட்டு அந்தக் கட்டியை எடுத்துவிடலாம். வலி சட்டென்று குறையும். அதைத் தாண்டிவிட்டால் வலி தானே இறங்கத் தொடங்கியிருக்கும் என்பதால், சூடான தண்ணீரும் வலி மாத்திரையுமே போதும் என்பார்கள். வலி தாங்க முடியாமல் இருந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். ஊசியால் குத்தி நீங்களே உடைக்கவும் வேண்டாம்.

கட்டி சிவந்து துடிக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. ஆன்டிபயாடிக் எடுத்தால் வற்றிவிடுமா?

வற்றாது. ஆசனவாய் ஓரச் சீழ்க்கட்டியைப் பொறுத்தவரை சீழை வெளியேற்றுவதுதான் சிகிச்சை. மாத்திரை மட்டும் சாப்பிட்டால் வலி மட்டுப்படும், காய்ச்சல் இறங்கும், உள்ளே சீழ் ஆழமாகப் பரவிக்கொண்டிருக்கும். இதைத்தான் பலர் "மருந்துக்குக் கேட்டது" என்று நினைக்கிறார்கள்.

வெடிப்பின் வலிக்கும் சீழ்க்கட்டியின் வலிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருங்கள். வெடிப்பு மலம் போகும்போது வலிக்கும். சீழ்க்கட்டி மலம் போனாலும் போகாவிட்டாலும் விடாமல் துடிக்கும், நாளுக்கு நாள் கூடும், இருமினாலோ உட்கார்ந்தாலோ உயிர் போகும். வெளியே கட்டியே தெரியாமல் ஆழத்தில் சீழ் இருக்கும் சமயமும் உண்டு. அப்போது வலியும் காய்ச்சலும் மட்டுமே அறிகுறி. அன்றைக்கே காட்டுங்கள்.

கட்டி தானாக உடைந்து வலி போய்விட்டது. ஆனால் உள்ளாடையில் ஈரம் படுகிறது.

பௌத்திரம் உருவாகியிருக்கலாம். ஆசனவாயின் உட்பக்கத்துக்கும் வெளித்தோலுக்கும் இடையே ஒரு பாதை விழுந்து, அதன் வழியாகச் சீழோ நீரோ கசிகிறது. வெளியே இருக்கும் துளை மூடினால் மறுபடி வீங்கி வலிக்கும், திறந்தால் கசியும். இப்படி மாறி மாறி வருடக்கணக்கில் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். சீழ்க்கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ பிறகு இது வருகிறது.

களிம்பாலும் மாத்திரையாலும் பௌத்திரம் மூடாது. பாதை எந்தத் தசை வழியாகப் போகிறது என்பதை, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்து, தெரிந்துகொண்ட பிறகே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். தசையைத் தவறாக வெட்டினால் மலத்தைக் கட்டுப்படுத்தும் சக்தி போய்விடும். அனுபவமுள்ள அறுவை சிகிச்சை நிபுணரிடம் செய்துகொள்ளுங்கள் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான். திரும்பத் திரும்ப வரும் பௌத்திரம், ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள், கூடவே நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எடை குறைவு என்றால் குரோன்ஸ் நோயும் காசநோயும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

மலம் போகும்போது சதை வெளியே வருகிறது. கையால் தள்ளினால் உள்ளே போகிறது.

உள்மூலத்தை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் ரத்தம் மட்டும். இரண்டாவதில் வெளியே வந்து தானே உள்ளே போகும். மூன்றாவதில் கையால் தள்ள வேண்டும். நான்காவதில் தள்ளினாலும் போகாது. முதல் மூன்று நிலைகளில் பலருக்கு மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் போட்டு, அது தானே வாடி விழச் செய்வது போன்ற எளிய முறைகளே போதும். புறநோயாளியாக வந்து போட்டுக்கொண்டு அன்றே வீட்டுக்குப் போகலாம். கத்தி வைப்பார்கள் என்ற பயத்தில் மூன்றாம் நிலையை நான்காம் நிலை ஆகும்வரை தள்ளிப்போடுகிறவர்கள்தான் கடைசியில் அறுவை சிகிச்சைக்கு வருகிறார்கள்.

வயதானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வெளியே வருவது மூலமாக இல்லாமல் மலக்குடலே இறங்கி வருவதாகவும் இருக்கலாம். சதை சுற்றிலும் வட்ட வட்டமான மடிப்புகளாக, நீளமாகத் தெரியும். சிகிச்சை முற்றிலும் வேறு. காட்டும்போது சதை உள்ளே போய்விட்டால் மருத்துவருக்குத் தெரியாமல் போகலாம்; வெளியே வந்திருக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக் காட்டினால் நிறைய உதவும்.

அரிப்பு மட்டும்தான். இதற்கும் மருத்துவரா?

இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம். அரிப்புக்கு எப்போதும் அழுக்கே காரணமல்ல. அளவுக்கு மீறிய சுத்தமும் அடிக்கடி காரணமாகும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவது, வாசனை ஈரத்தாளால் துடைப்பது, கிருமிநாசினி தடவுவது எல்லாம் தோலைப் புண்ணாக்கும். சோப்பை நிறுத்துங்கள். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி, நன்றாக உலர விடுங்கள். பருத்தி உள்ளாடை. கடையில் வாங்கிய களிம்பே ஒவ்வாமையைக் கிளப்பி அரிப்பைக் கூட்டுவதும் அடிக்கடி நடப்பதால், அதையும் நிறுத்திப் பாருங்கள்.

இரவில் மட்டும் அரித்தால், வீட்டில் குழந்தைகளுக்கும் அரித்தால், அது கீரிப்பூச்சியாக இருக்கலாம். மாத்திரையை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் எடுத்து, 2 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் சுற்றிச் சுற்றி வரும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோல் தடித்து வெளுத்திருந்தால், ஆறாத புண்ணோ மருக்களோ இருந்தால், ரத்தம் கசிந்தால் பொறுக்க வேண்டாம். அங்கே வரும் தோல் நோய்களும், ஆசனவாய்ப் புற்றுநோயின் ஆரம்பமும் வெறும் அரிப்பாகவே தொடங்கலாம். எச்பிவி என்ற வைரஸ்தான் ஆசனவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம். எச்ஐவி உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த பெண்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோர் சின்னக் கட்டியையும் காட்டிவிடுவது நல்லது.

நள்ளிரவில் திடீரென்று உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. சில நிமிடத்தில் போய்விடுகிறது.

தசைப் பிடிப்பு. சில நொடியிலிருந்து சில நிமிடம்வரை இருந்து, சுவடில்லாமல் போகும். தீங்கில்லாதது. அடிக்கடி வந்தாலோ, அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, ரத்தமும் சேர்ந்தாலோ காட்டுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். மூலத்துக்கு எதுவும் எடுக்கக் கூடாது என்கிறார்களே?

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் பிரசவத்துக்குப் பின்னும் மூலமும் வெடிப்பும் மிகச் சாதாரணம். நார்ச்சத்து, இசப்கோல், வெதுவெதுப்பான தண்ணீர் எல்லாம் பாதுகாப்பானவை. மலமிளக்கிகளில் லாக்டுலோஸ் போன்றவற்றை மருத்துவர் தருவார். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகினால் மாத்திரையை நிறுத்தாமல், மருந்தின் வகையை மாற்றித் தரச் சொல்லுங்கள். "பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கர்ப்ப காலத்தில் வரும் ரத்தத்தையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். மகப்பேறு மருத்துவரிடமே சொல்லலாம். பிரசவத்துக்குப் பிறகு வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாமல் போனால், அது தசை கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம். சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, சிகிச்சை இருக்கிறது.

குழந்தையின் மலத்தில் ரத்தம்.

கைக்குழந்தைக்கும் சிறு குழந்தைக்கும் பெரும்பாலும் வெடிப்புதான். மூலம் மிக அரிது. மலத்தை இளக்கினால் ஆறிவிடும். வலியில்லாமல் திரும்பத் திரும்ப ரத்தம் வந்தால் பாலிப் இருக்கலாம், எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் குழந்தை விட்டுவிட்டுக் காலை மடக்கி வீறிட்டு அழுது, வாந்தி எடுத்து, சளியும் ரத்தமும் கலந்து போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். குழந்தைக்குப் பெரியவர்களின் மூலக் களிம்பைத் தடவ வேண்டாம்.

எந்த மருத்துவரிடம் போவது? உள்ளே என்ன செய்வார்கள்? வெட்கமாக இருக்கிறது.

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரே போதும். தேவைப்பட்டால் அவர் பொது அறுவை சிகிச்சை நிபுணரிடமோ குடல் நோய் நிபுணரிடமோ அனுப்புவார். பெண்கள் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் மருத்துவரானால் செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

பரிசோதனை எப்படி நடக்கும் என்று முன்பே தெரிந்தால் பயம் பாதி குறையும். முழுக்க ஆடை களைய வேண்டியதில்லை. இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை நெஞ்சுப்பக்கம் மடக்கச் சொல்வார்கள், மேலே துணி போர்த்தியிருக்கும். முதலில் வெளியே பார்ப்பார்கள். பிறகு கையுறையில் வழுவழுப்பான ஜெல் தடவி ஒரு விரலை மெதுவாக விட்டுப் பார்ப்பார்கள். மலம் வருவது போல ஓர் உணர்வு வரும், ஆனால் மலம் வராது. வாயால் மெல்ல மூச்சு விட்டால் தசை தளரும். அடுத்து விரல் பருமனுள்ள ஒரு குட்டைக் குழாயை விட்டு, விளக்கு வெளிச்சத்தில் உள்மூலத்தைப் பார்ப்பார்கள், அதுதான் புரோக்டோஸ்கோபி. எல்லாம் சேர்த்துச் சில நிமிடம். வெடிப்பு இருந்து வலி தாங்காது என்றால் "இன்று உள்ளே பார்க்க வேண்டாம்" என்று சொல்லுங்கள். நல்ல மருத்துவர் வெளியே பார்த்துவிட்டு மருந்து கொடுத்து, வலி குறைந்த பிறகு வரச் சொல்வார்.

உள்ளே விரலும் விடாமல், குழாயும் விடாமல், நீங்கள் சொன்னதைக் கேட்டு மட்டும் மூலத்துக்கு மருந்து எழுதித் தந்தால், இன்னொருவரிடம் போய்க் காட்டுங்கள்.

போகும்போது எப்போது தொடங்கியது, ரத்தம் எப்படி வருகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும். ரத்தம் வருகிறதே என்று அதை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. இதயத்துக்கோ மூளைக்கோ போகும் ரத்தம் அடைபடலாம். ஆசனவாய் வழி உறவு உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். கொனோரியா, கிளமிடியா, ஹெர்பிஸ், சிபிலிஸ் எல்லாம் அங்கே வலி, சீழ், ரத்தம் என்று மூலத்தைப் போலவே வரும். பரிசோதனையும் மருந்தும் வேறு என்பதால், நீங்கள் சொல்லாவிட்டால் மாதக்கணக்கில் தவறான சிகிச்சைதான் நடக்கும்.

கொலனோஸ்கோபி எல்லோருக்கும் தேவையா?

இல்லை. இளம் வயதில், வெளியே தெரியும் வெடிப்புக்கு யாரும் உடனே கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது) செய்ய மாட்டார்கள். வயது, குடும்ப வரலாறு, ரத்தசோகை, மலப் பழக்கத்தில் மாற்றம், கருஞ்சிவப்பு ரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தேவைப்படும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் 45 அல்லது 50 வயதில் பரிசோதனையைத் தொடங்கச் சொல்லும் நாடுகள் பல. பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்போ, எது முந்தையதோ அப்போதே தொடங்க வேண்டும். பாலிப் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் பார்த்து எடுத்துவிட்டால் அந்தப் புற்றுநோய் வரவே வராது.

கடையில் கிடைக்கும் களிம்பை எத்தனை நாள் தடவலாம்?

ஒரு வாரம். ஸ்டீராய்டு கலந்தவற்றை அதற்கு மேல் தடவினால் தோல் மெலிந்து எளிதில் வெடிக்கும். களிம்பு எரிச்சலைத் தணிக்குமே தவிர மூலத்தைக் கரைக்காது. "ஒரே ஊசியில் குணம்" என்று சொல்லி, தகுதி இல்லாதவர்கள் என்னவென்று தெரியாத மருந்தை ஊசியாகப் போடுவதற்கும், தோலை அரிக்கும் காரத்தைத் தடவுவதற்கும் சம்மதிக்காதீர்கள். ஆசனவாய் வெந்து சுருங்கி, மலமே போக முடியாத நிலைக்கு வந்தவர்களைச் சரிசெய்வது மூலத்தைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கடினம்.

வளையம் போட்டார்கள், அல்லது அறுவை சிகிச்சை ஆனது. எப்போது திரும்பப் போக வேண்டும்?

வளையம் போட்ட ஓரிரு நாள் உள்ளே கனமாக இருப்பதும், ஒரு வாரம் பத்து நாளில் வளையம் விழும்போது கொஞ்சம் ரத்தம் வருவதும் இயல்பு. வலி குறையாமல் கூடிக்கொண்டே போய், காய்ச்சலும் வந்து, சிறுநீரும் போக முடியவில்லை என்றால் உடனே போங்கள். அரிதாக வரும் கடும் தொற்றின் அறிகுறி இந்த மூன்றும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு வாரம்வரை திடீரென்று அதிக ரத்தம் வரலாம். அந்த நாட்களில் தொலைதூரப் பயணம் வேண்டாம்.

முன்பே பரிசோதித்து மூலம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போதும் ரத்தம் வருகிறது. மறுபடி போக வேண்டுமா?

போக வேண்டும். பழைய சீட்டு அன்றைய நிலைக்கு மட்டும்தான். சிகிச்சை எடுத்து 6 முதல் 8 வாரம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, நின்று சில மாதம் கழித்துத் திரும்ப வந்தாலோ, ரத்தம் வரும் விதம் மாறியிருந்தாலோ புதிதாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கடைசியாகக் குடலுக்குள் பார்த்து எத்தனை ஆண்டு ஆயிற்று, எதுவரை பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஆசனவாய் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள் என்றால், மேலே பார்க்க வேண்டுமா என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.